பதினாறாம் பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை மகள் கோபி மஞ்சூரியன் கேட்டாள். கடையில் வாங்கித் தந்திருக்கலாம். என் கைப்பக்குவத்தில் வீட்டில் எனக்கு மட்டும்தான் நம்பிக்கை என்பதால் நானே அடுப்படியில் இறங்கினேன். புது வினிகர் பாட்டிலின் மூடியைத் திருகியதும் நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. கரண்டியை அப்படியே வைத்துவிட்டுப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். மகளின் பள்ளி ஆண்டு விழாப் படங்கள் இரண்டு ஹார்டு டிஸ்க்கிலும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கிவிட்டேன். அடுப்பில் எண்ணெய் புகைந்து வீடெல்லாம் கமறியது. "வினிகருக்கும் போட்டோவுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றாள் மகள்.

சம்பந்தம் இருக்கிறது. பழைய காலத்து பிலிம் கெட்டுப்போக ஆரம்பித்தால் அதிலிருந்து வினிகர் நெடிதான் வரும். முதலில் நெடி. பிறகு பிலிம் வளையும், சுருங்கும், மேலே அப்பளம் மாதிரி குமிழ் எழும்பும். கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இதையெல்லாம் ஏதோ பெரிய படிப்புப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். மரக்காணத்தில் ஒரு மாடி அறையில் ஒன்றரை வருடம் அந்த நெடிக்குள் உட்கார்ந்திருந்தேன். என் முதல் வேலை அது. சாயங்காலம் கீழ்புத்துப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், "ஊறுகா கம்பெனியிலயாடி வேலை பாக்கற?" என்பார் அம்மா.

மரக்காணம் கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. நடத்தியவர் கூனிமேட்டுக்காரர். கல்யாணம், சர்ச்சில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, பாஸ்போர்ட் எதுவானாலும் சுற்றுவட்டாரம் முழுவதும் அவர் கேமராவுக்கு முன்னால்தான் போய் உட்காரும். அவர் இறந்த பிறகு மகன் சாதிக் பாய், அப்பா சேர்த்து வைத்திருந்த நெகட்டிவ் பெட்டிகள் முப்பத்துநான்கையும் பாண்டிச்சேரியில் இருந்த சின்ன ஆவணக் காப்பகம் ஒன்றுக்குக் கொடுத்தார். காப்பகத்தார் ஒரு பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார்கள். இந்த நெடி பக்கத்தில் இருக்கிற பிலிமையும் கெடுத்துவிடும் என்று பயந்து, மரக்காணத்திலேயே ஒரு சிமெண்ட் கடைக்கு மேல் அறை பிடித்து, ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் போட்டு, என்னையும் கலைவாணியையும் உட்கார வைத்தார்கள்.

கலைவாணி, எனக்குக் கலா, திண்டிவனத்துப் பெண். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், நூலகவியல் படித்தவள். நான் பி.எஸ்சி.யை எப்படியோ முடித்தவள். அவள் காலையில் வந்ததும் முதல் வேலையாக ஹார்டு டிஸ்க்கின் ஒயர் முனையைப் பஞ்சால் துடைப்பாள். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய வரை உப்புப் பாத்திகள். பத்து மணிக்கு மேல் அந்தப் பக்கம் பார்த்தால் கண் கூசித் தண்ணீர் வரும். ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் உப்புக் காற்று எப்படியோ உள்ளே வந்து மேசையில் பிசுபிசுக்கும். பித்தளை, செம்பு எது இருந்தாலும் பச்சை பூக்கும். என் ஜிமிக்கியின் திருகாணி காதிலேயே துருப்பிடித்து, கழற்றுவதற்கு டாக்டரிடம் போகவேண்டியதாயிற்று. தங்கம் என்று சொல்லி வாங்கிக் கொடுத்த சித்தியிடம் இன்றுவரை அதைக் கேட்டதில்லை.

எங்கள் வேலை இவ்வளவுதான். நெகட்டிவைத் துடைத்து ஸ்கேன் செய்வது. ஒரு பெட்டி முடிந்ததும் கம்ப்யூட்டரிலிருந்து அத்தனை படங்களையும் ஒரு டிஸ்க்கில் ஏற்றுவது. அதிலிருந்து இன்னொரு டிஸ்க்கில் ஏற்றுவது. முதல் டிஸ்க் அறையிலேயே இரும்பு பீரோவில் இருக்கும். இரண்டாவதைச் சனிக்கிழமை நான் வீட்டுக்கு எடுத்துவந்து, திங்கட்கிழமை காலையில் பாண்டியில் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போவேன். பஸ்ஸில் அதைச் சாப்பாட்டுப் பைக்குள் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வேன். கைக்குழந்தைக்காரி என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்துவிட்டுப் பிறகு துண்டுக்குள் குழந்தை இல்லை என்று தெரிந்து முறைத்த ஆட்களும் உண்டு.

இதில் ஒரு முக்கியமான படி இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண்ணைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டுச் சொல்லும். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். காப்பி எடுத்த பிறகு, டிஸ்க்கில் இருப்பதன் எண்ணும் கம்ப்யூட்டரில் இருப்பதன் எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்க்கவேண்டும். ஒரு பெட்டிக்கு நான்கு மணி நேரம் ஆகும். சரியாக இருந்தால் நோட்டில் பெட்டி எண்ணுக்கு எதிரே டிக் போடுவோம். டிக் விழுந்த பிறகுதான் கம்ப்யூட்டரில் இடம் காலி செய்யலாம். மிக மோசமாகக் கெட்டுப்போன பெட்டி என்றால், டிக் விழுந்ததும் சாதிக் பாய் வந்து பிலிமை எடுத்துப்போய்ப் புதைத்துவிடுவார்.

"காப்பி முடிஞ்சிதுன்னு டிஸ்க்கு சொல்லும். அதை நம்பாத. நம்பர் சொல்லணும்" என்பாள் கலா. தினமும் சொல்வாள். தினமும் சொல்வதாலேயே அது என் காதில் விழாமல் போயிற்று.

மிக மோசமாகக் கெட்டுப்போயிருந்த பதினாறாம் பெட்டி முடிந்தது ஒரு சனிக்கிழமை. கலா அன்று தங்கையின் வளைகாப்புக்குப் போயிருந்தாள். காலையிலிருந்து கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. முதல் டிஸ்க்கில் ஏற்றும்போது இரண்டு முறை விளக்கு மங்கியது. ஒயர் முனையை அன்று நான் துடைக்கவில்லை. இரண்டு காப்பியும் முடிந்தபோது மணி மூன்றரை. சரிபார்த்தால் ஏழரை ஆகும். ஆறு மணிக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

படங்களின் எண்ணிக்கையைப் பார்த்தேன், சரியாக இருந்தது. அளவைப் பார்த்தேன், அதுவும் சரியாக இருந்தது. டிக் போட்டேன். புதுப் பெட்டிக்கு இடம் வேண்டுமே என்று கம்ப்யூட்டரிலும் அழித்துவிட்டேன். பஸ் ஏறியபோது மனசு லேசாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மாப்பிள்ளை வீட்டார் ஏழு மணிக்கு வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இன்றுவரை பதில் சொல்லவில்லை.

ஐந்து மாதம் கழித்து அமலோற்பவம் வந்தார். உப்பளத்தில் உப்பு வாருகிறவர், நாற்பது வயதிருக்கும். வேலை முடித்து நேராக வந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. முந்தானையில் சுற்றி ஒரு போட்டோ பிரேமைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே படம் கண்ணாடியோடு ஒட்டி அழுகி, பாசி படிந்த மாதிரி இருந்தது. இரண்டு பேர் நிற்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரிந்தது.

"இது நானு. இது எங்க அக்கா ரெஜினா. மாதா கோயில் தேருக்குப் போனப்ப எடுத்தது. அவ பொண்ணைப் பெத்துட்டு ஆஸ்பத்திரியிலயே போயிட்டா. அந்தப் பொண்ணை நான்தான் வளர்த்தேன், ஸ்டெல்லான்னு பேரு. வர்ற மாசம் கல்யாணம். அவளுக்கு அவங்கம்மா மூஞ்சி தெரியாதும்மா. இந்தப் படம்தான் இருந்துச்சு. போன மழையில வீடு ஒழுகி இப்பிடி ஆயிடுச்சு. பாய் கடையில சொன்னாங்க, உங்ககிட்ட எல்லாம் இருக்குதுன்னு."

பிரேமின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையும் எண்ணும் இருந்தன. எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பெருமை. பதினாறாம் பெட்டி. "ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம்க்கா" என்று சொல்லி, அவருக்குத் தெரியட்டும் என்று திரையைக்கூடத் திருப்பி வைத்தேன்.

படம் மேலிருந்து திறந்தது. ஸ்டூடியோவின் பின்திரை, பூ வைத்த இரண்டு தலைகள், நெற்றி, அக்காவின் கண்கள். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. சிமெண்ட் பூசின மாதிரி ஒரே சாம்பல்.

அமலோற்பவம் திரைக்கு அருகில் வந்து குனிந்தார். "கண்ணு அவளுதுதான்" என்றார். பிறகு சாம்பலைக் காட்டி, "மிச்சம் வருமா?" என்றார்.

கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது, அடுத்த வாரம் வாங்க என்றேன். பொய். அவர் படி இறங்கிப் போனதும் அடுத்த படத்தைத் திறந்தேன். சாம்பல். அதற்கு அடுத்ததில் ஒரு குழந்தையின் தொப்பி மட்டும். சில படங்கள் திறக்கவே இல்லை.

டீக்குப் போயிருந்த கலா உள்ளே வந்தபோது நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெண் பார்க்க வந்ததையும் சேர்த்துத்தான். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் உட்கார்ந்து, பாண்டியிலிருந்த காப்பியைப் பார்க்கச் சொல்லிப் போன் செய்தாள். அங்கேயும் அதே சாம்பல். கெட்டுப்போன முதல் டிஸ்க்கிலிருந்து எடுத்த காப்பி வேறு எப்படி இருக்கும்? முதலாவது எந்த இடத்தில் நின்றதோ, இரண்டாவதும் அச்சு அசலாக அதே இடத்தில் நின்றது.

"பிலிம் இருக்குதா பார்க்கலாம், வா" என்றாள் கலா.

கூனிமேட்டில் சாதிக் பாய் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு எங்களை வீட்டின் பின்பக்கம் அழைத்துப்போனார். தென்னை மரத்தடியில் கடப்பாறையால் அவரே தோண்டினார். முழங்கால் ஆழத்தில் சாக்கு தட்டுப்பட்டது. உள்ளே கறுப்பாக, பிசின் மாதிரி, ஒரே கட்டி. ஓரத்தில் கலா நகத்தால் பிரித்துப் பார்த்தாள். முகம் எதுவும் பிலிமில் இல்லை, விரலில் கறையாக வந்தது.

"டிக் போட்டாச்சுன்னு சொன்னீங்க. அதான் பொதைச்சேன்" என்றார் சாதிக் பாய். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அதற்குக் கோபமாகவே சொல்லியிருக்கலாம்.

மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "யாரு படம்ன்னீங்க? ரெண்டு பொம்பளைங்க, தேருக்கு வந்தவங்களா? ஒண்ணு செய்யுங்க. எங்க வாப்பா எந்த பிலிமையும் தூக்கிப் போடமாட்டாரு. கண்ணை மூடிட்டாங்கன்னா மறுபடி எடுப்பாரு இல்ல, அந்த மூடினதையும் தனியா வெச்சிருப்பாரு. முப்பத்துநாலாவது பெட்டியில பாருங்க."

முப்பத்துநாலாவது பெட்டிக்கு நாங்கள் 'வேஸ்ட்' என்று பெயர் வைத்திருந்தோம். எல்லாவற்றுக்கும் கடைசியில், நேரம் இருந்தால் ஸ்கேன் செய்வதாக இருந்தோம். தும்மியவர்கள், திரும்பிவிட்ட குழந்தைகள், கண்ணை மூடியவர்கள். இரண்டு நாள் ஒவ்வொரு கவராகப் பிரித்தோம். மூன்றாம் நாள் மதியம் கலா வெளிச்சத்துக்கு நேராக ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இங்க பாரு" என்றாள். அதே பின்திரை, அதே பூ. பதின்மூன்று வயது அமலோற்பவம் முறைத்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் ரெஜினா, முழு முகம், கண் மட்டும் மூடியிருந்தது.

இப்போது என் புத்தி போன போக்கைச் சொல்கிறேன். ஒரு படத்தில் கண் இருக்கிறது, இன்னொன்றில் முகம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் தீர்ந்தது. யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

"எனக்குப் பிடிக்கல" என்றாள் கலா. "அவங்களுக்குக் குடுக்கறதுன்னா உன் இஷ்டம். நம்ம டிஸ்க்குல அது ஏறாது."

ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து சேர்த்தேன். நன்றாகவே வந்தது, நானே மெச்சிக்கொள்ளும் அளவுக்கு. பெரிதாக பிரிண்ட் எடுத்து, மறுநாள் அமலோற்பவம் வந்ததும் கையில் கொடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"யாரு இது?" என்றார்.

"உங்க அக்காதான்க்கா."

"அழகா இருக்குது. ஆனா அவ இல்லியே. அவ சிரிச்சா கண்ணு இப்பிடி நேரா நிக்காது."

அந்த மூடிய கண் படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. "இதான். இதான் ரெஜினா" என்றார். "பாயி ரெடின்னு சொன்னதும் நான் மூஞ்சை உர்ருன்னு வெச்சேன். அதைப் பார்த்து இவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்கப் பார்த்துக் கண்ணை மூடிட்டா. பாயி சத்தம் போட்டாரு. அப்புறம் இன்னொண்ணு எடுத்தாரு."

அப்போதுதான் சொன்னேன். சரிபார்க்காமல் டிக் போட்டதை, பிலிம் போனதை, கம்ப்யூட்டர்மேல் பழி போட்டுப் பொய் சொன்னதை, எல்லாவற்றையும். அவர் அழவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. படத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பெட்டியில என்னுது மட்டும்தானா இருந்துச்சு?"

"இல்லக்கா. நானூறு பேருக்கு மேல."

"அவங்களுக்குச் சொல்லிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"போய்ச் சொல்லும்மா. உங்ககிட்ட இருக்குதுன்னு நம்பிக்கினு வீட்டுல இருக்கறதைப் பார்க்காம விட்டுடுவாங்க. பாயிகிட்ட பிலிம் இருக்குதுன்னு நானும் அப்படித்தான் விட்டேன். ஒழுகற எடத்துலயே மாட்டியிருந்தேன்."

போனேன். சாதிக் பாயிடம் ஸ்டூடியோவின் பில் புத்தகம் இருந்தது. எண், பெயர், ஊர். அதை வாங்கிக்கொண்டு நாலு மாதம் சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மரக்காணம், கூனிமேடு, எங்கள் கீழ்புத்துப்பட்டு என்று வீடு வீடாக அலைந்தேன். முதல் வாரம் தனியாக. இரண்டாவது வாரம் கலா கேட்காமலே கூட வந்தாள். "உங்க போட்டோ எங்ககிட்ட இருந்துச்சு, என் தப்பால போயிடுச்சு, உங்ககிட்ட ஒரு காப்பி இருந்தா ஸ்கேன் பண்ணிட்டுத் திருப்பித் தர்றோம்" என்று சொல்லவேண்டும். முதல் பத்து வீட்டில் 'என் தப்பால' என்பதை முழுங்கிவிட்டுச் சொன்னேன். கலா பக்கத்தில் நின்று இருமுவாள். பிறகு பழகிவிட்டது.

பலபேருக்குப் படம் எடுத்ததே ஞாபகம் இல்லை. "பாஸ்போர்ட்டு போட்டோவா? அதுக்கா இந்த வெயில்ல வந்தீங்க?" என்று மோர் கொடுத்தார்கள். கூனிமேட்டில் ஒரு பெரியவர் எங்களை உட்கார வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பெட்டி பெட்டியாகத் தேடி, தன் நிக்காஹ் படத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். கீழ்புத்துப்பட்டில் ஒரு அம்மாவுக்கு, இறந்துபோன பிள்ளையின் படம் எங்களிடம் இருந்தது என்பதே அன்றுதான் தெரியும். இருந்தது என்று சொன்ன வாயாலேயே இல்லை என்றும் சொன்னேன். அந்தத் தெரு வழியாக அதற்குப் பிறகு நான் போனதில்லை. எங்கள் வீட்டுக்கு அது சுற்று வழி இல்லை, நேர் வழி. இன்றும் என் அம்மாவைப் பார்க்கப் போனால் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

ஸ்டெல்லாவின் கல்யாண வரவேற்பில், மேசைமேல் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் ரெஜினாவின் படத்தை வைத்திருந்தார்கள். கண் மூடியதுதான். யாரோ, "வேற நல்ல படம் கிடைக்கலியா?" என்று கேட்டார்கள். "இதுல எங்கம்மா சிரிப்பை அடக்கறாங்க" என்றாள் ஸ்டெல்லா. என்னால் அங்கே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. பாயசத்தை நின்றுகொண்டே குடித்துவிட்டு வந்தேன்.

அலைந்ததில் கிடைத்த பிரிண்டுகள் இருநூறைத் தொடவில்லை. மீதிப் பேர் என்ன ஆனார்கள்? காப்பகத்தின் பட்டியலிலிருந்து அந்த வரிகளை எடுத்துவிடலாம் என்று பாண்டியிலிருந்து சொன்னார்கள். கலா மாட்டேன் என்றுவிட்டாள். "படம் போயிடுச்சு. அவங்க வந்து உட்கார்ந்தது போகல இல்ல?" என்று ஒரு முழு வாரம் அவர்களோடு சண்டை போட்டாள். கடைசியில் எண், பெயர், ஊர், படம் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் என்று அவை நின்றன. என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் இத்தனை வருடம் இப்படி டிஸ்க்கைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டேனோ என்னவோ.

அந்த அறை இப்போது இல்லை. ரோடு அகலப்படுத்தியபோது சிமெண்ட் கடையும் அதன் மாடியும் போய்விட்டன. ஸ்டூடியோ இருந்த இடத்தில் பேக்கரி. சாதிக் பாய் குடும்பத்தோடு துபாய் போய்விட்டார். பில் புத்தகம் அவர் வீட்டுப் பரணில் கறையானுக்குப் போனதாக அவர் மச்சான் சொன்னார். அமலோற்பவம் ஸ்டெல்லாவோடு செங்கல்பட்டுப் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. கலா கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறாள்.

எண்ணெய் புகைந்த அன்று, மகள் முணுமுணுத்துக்கொண்டே பிரெட் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, காப்பகத்தின் இணையதளத்தில் பதினாறாம் பெட்டியைத் தேடிப் பார்த்தேன். நாங்கள் அலைந்து சேர்த்த பிரிண்டுகள் எல்லாம் வரிசையாக இருந்தன. வெற்றுக் கட்டங்களைக் காணோம். ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை என்றது. கலாவுக்குப் போன் போட்டேன்.

"புது சிஸ்டத்துக்கு மாத்தினாங்க இல்ல" என்றாள். "படம் இல்லாத வரிய அது எடுத்துக்காது. தானா விட்டுடும். யாரும் பார்த்திருக்க மாட்டாங்க."

மறுநாள் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு விட்டுப்போன அந்தப் பெயர்களை ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தேன். கூனிமேடு ரஹமத் பீ, பாஸ்போர்ட் மூன்று காப்பி. மரக்காணம் சவரிமுத்து, மனைவியோடு. கீழ்புத்துப்பட்டு தனலட்சுமி, குழந்தைக்கு மொட்டை அடித்தது. பஸ் கண்டக்டர் ஒருவர், பெயர் ஏழுமலையா அண்ணாமலையா தெரியவில்லை. இப்படிப் பதினொன்று வந்தது. மதியம் சோறு வடிக்கும்போது இன்னொன்று. அதற்கு மேல் இந்த நிமிஷம் வரை ஒரு பெயரும் வரவில்லை.